உருளை முடக்கம்

உருளை முடக்கம் என்பது பல உருளைகளைக் கொண்ட உள் எரி பொறியில், முழுத் திறனும் தேவைப்படாத வேளைகளில் சில உருளைகளின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தி, எஞ்சிய உருளைகளைக் கொண்டே வாகனத்தை ஓட்டும் தொழில்நுட்பம் ஆகும். சிலிண்டர் என்று பேச்சு வழக்கில் அழைக்கப்படும் உருளையே பொறியில் எரிபொருள் எரியும் இடமாகும். நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் செல்லும் ஒரு மகிழுந்துக்குப் பொறியின் திறனில் ஒரு சிறு பகுதியே போதுமானது. அந்நேரத்தில் 8 உருளைகளில் 4 உருளைகளையோ, 4 உருளைகளில் 2 உருளைகளையோ முடக்குவதன் மூலம் எரிபொருள் செலவு குறைக்கப்படுகிறது. ஓட்டுநர் மீண்டும் முடுக்கியை அழுத்தும்போது முடங்கிய உருளைகள் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வேலைக்குத் திரும்புகின்றன.

முடக்கப்பட்ட உருளைகளின் கொள்ளளவு பொறியின் பயன்படு கொள்ளளவில் சேராததால், இது மாறும் கொள்ளளவுப் பொறி எனவும் அழைக்கப்படுகிறது. வாகன நிறுவனங்கள் இதற்குத் தத்தம் வணிகப் பெயர்களைச் சூட்டியுள்ளன.

பின்னணி

வாகனப் பொறி ஒன்றின் உச்சத் திறன், அவ்வாகனம் எதிர்கொள்ளக்கூடிய கடினமான நிலைமைகளை மனத்தில் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது. மேடு ஏறுதல், முன்செல்லும் வாகனத்தை முந்துதல், சுமை இழுத்தல் ஆகியவை அத்தகைய நிலைமைகள். ஆனால் வாகனம் தன் வாழ்நாளின் பெரும்பகுதியில் இவ்வாறு இயங்குவதில்லை. சமதளச் சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு நடுத்தர மகிழுந்துக்குச் சுமார் 15 கிலோவாட் திறன் போதுமானது. அதே வாகனத்தின் பொறி 150 அல்லது 200 கிலோவாட் திறன் தரவல்லதாக இருக்கலாம். அதாவது பொறி தன் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோ மட்டுமே பயன்படுத்தி ஓடிக்கொண்டிருக்கும்.

குறைந்த சுமையில் ஓடுவதால் மட்டும் ஒரு பொறி சிக்கனமாக ஓடுகிறது என்று கொள்ளக்கூடாது. பெட்ரோல் பொறியைப் பொறுத்தவரை உண்மை இதற்கு மாறானது. ஒவ்வொரு கிலோவாட் மணி வேலைக்கும் அது செலவிடும் எரிபொருள், சுமை குறையக் குறைய அதிகரிக்கிறது. இதற்கு முதன்மையான காரணம் எக்கல் இழப்பு ஆகும்.

எக்கல் இழப்பு

வழக்கமான பெட்ரோல் பொறியில் காற்றும் எரிபொருளும் ஏறத்தாழ மாறாத விகிதத்தில் கலக்கப்பட வேண்டும். எடையின்படி ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. ஆகவே திறனைக் குறைக்க வேண்டுமாயின் எரிபொருளை மட்டும் குறைத்தால் போதாது. காற்றையும் குறைக்க வேண்டும். காற்று செல்லும் குழாயில் உள்ள திராட்டில் வால்வு இப்பணியைச் செய்கிறது. முடுக்கியிலிருந்து கால் எடுக்கப்படும்போது இவ்வால்வு காற்றின் வழியை ஏறக்குறைய அடைத்துவிடுகிறது.

இதன் விளைவாக, உள்ளிழுப்பு வீச்சில் கீழிறங்கும் பிஸ்டன் ஒரு பகுதி வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியுள்ளது. முனையை விரலால் பாதி மூடிய ஊசிக்குழலின் தண்டை இழுக்கும்போது கை உணரும் எதிர்ப்பை இதற்கு ஒப்பிடலாம். இந்த வேலைக்கான ஆற்றலும் எரிபொருளிலிருந்தே வருகிறது. ஆனால் சக்கரத்துக்கு அதனால் எப்பயனும் இல்லை.

உருளை முடக்கம் இச்சிக்கலை ஒரு சுற்றுவழியில் தீர்க்கிறது. 8 உருளைகள் சிறிதளவு வேலை செய்வதற்குப் பதிலாக, 4 உருளைகள் ஏறத்தாழ இரு மடங்கு வேலை செய்கின்றன. அவ்வாறு செய்ய அவற்றுக்குக் கூடுதல் காற்று தேவை. ஆகவே திராட்டில் வால்வு அகலத் திறக்கப்படுகிறது. அகலத் திறந்த வால்வின் பின்னால் வெற்றிடம் குறைகிறது. எக்கல் இழப்பும் குறைகிறது. எரிபொருள் சேமிப்பின் பெரும்பகுதி, சில உருளைகளுக்கு எரிபொருள் நிறுத்தப்படுவதால் நேரடியாகக் கிடைப்பதன்று. எஞ்சிய உருளைகள் தமக்கு உகந்த சுமையில் இயங்குவதாலேயே அது கிடைக்கிறது.

எளிய கணக்கீடு

4 லிட்டர் கொள்ளளவுள்ள 8 உருளைப் பொறி ஒன்று நிமிடத்துக்கு 2000 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். நான்கு வீச்சுப் பொறியாதலால் ஒவ்வோர் உருளையும் நிமிடத்துக்கு 1000 முறை, அதாவது நொடிக்குச் சுமார் 16.7 முறை, தன் சுழற்சியை முடிக்கும்.

உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தம் 40 கிலோபாசுக்கல் எனவும், வெளியேற்றுப் பக்கத்தின் அழுத்தம் 100 கிலோபாசுக்கல் எனவும் கொண்டால், வேறுபாடு 60 கிலோபாசுக்கல். இதை 4 லிட்டரால் பெருக்க, ஒரு சுழற்சிக்கு 240 சூல் ஆற்றல் எக்கலில் செலவாகிறது. இது 4 கிலோவாட்டுக்குச் சமம்.

இப்போது 4 உருளைகள் முடக்கப்பட்டு, உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தம் 75 கிலோபாசுக்கலாக உயர்வதாகக் கொள்வோம். அழுத்த வேறுபாடு 25 கிலோபாசுக்கல். பயன்படு கொள்ளளவு 2 லிட்டர். ஒரு சுழற்சிக்கு 50 சூல், அதாவது சுமார் 0.8 கிலோவாட் மட்டுமே செலவாகிறது.

வாகனத்தை ஓட்ட 15 கிலோவாட் தேவைப்படும் இடத்தில் 3 கிலோவாட்டுக்கு மேல் மிச்சமாவது சிறிய தொகை அன்று. எனினும் இது எளிமையாக்கப்பட்ட கணக்கு. முடங்கிய உருளைகளின் பிஸ்டன்கள் தொடர்ந்து நகர்வதால் உராய்வு இழப்பு நீங்குவதில்லை. அவற்றில் அடைபட்ட வளிமமும் சிறிதளவு ஆற்றலை இழக்கிறது. ஆதலால் நடைமுறைச் சேமிப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

செயல்படும் முறை

வால்வுகளை மூடி வைத்தல்

ஓர் உருளைக்கு எரிபொருளையும் தீப்பொறியையும் நிறுத்துவது மட்டும் உருளை முடக்கம் ஆகாது. வால்வுகள் வழக்கம்போல் திறந்து மூடினால், அவ்வுருளை காற்றை இழுத்து வெளியே தள்ளும் எக்கியாக மாறிவிடும். அக்காற்று இரு கேடுகளை விளைவிக்கும். ஒன்று, எக்கல் இழப்பு தொடரும். மற்றொன்று, எரியாத உயிர்வளி வெளியேற்றுக் குழாயைச் சென்றடைந்து, புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கி மாற்றியைக் குளிரச் செய்வதோடு, காற்று எரிபொருள் விகிதத்தை அளக்கும் உயிர்வளி உணரியையும் ஏமாற்றிவிடும்.

எனவே இன்றைய அமைப்புகளில் முடக்கப்படும் உருளையின் உள்ளிழுப்பு வால்வும் வெளியேற்று வால்வும் மூடியே வைக்கப்படுகின்றன. உள்ளே அடைபட்ட வளிமம் ஒரு சுருள்வில்லைப்போலச் செயல்படுகிறது. பிஸ்டன் மேலேறும்போது அமுக்கப்படும் வளிமம், பிஸ்டன் கீழிறங்கும்போது விரிந்து, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

இயங்கமைப்பு வகைகள்

கேம் தண்டு சுழன்றுகொண்டிருக்கும்போதே வால்வு திறக்காமல் இருக்க வேண்டும். இதற்குப் பல வழிகள் கையாளப்படுகின்றன.

மடங்கும் தூக்கி: கேம் தண்டு பொறியின் கீழ்ப்பகுதியில் அமைந்து, தள்ளுதண்டுகள் வழியாக வால்வுகளை இயக்கும் பொறிகளுக்கு இது ஏற்றது. தூக்கி என்பது கேமுக்கும் தள்ளுதண்டுக்கும் இடையில் உள்ள சிறு உறுப்பு. இது ஒன்றினுள் ஒன்று நுழையும் இரு பகுதிகளால் ஆனது. இயல்பு நிலையில் சிறு பூட்டு ஊசிகள் இரண்டையும் இணைத்து வைக்கின்றன. எண்ணெய் அழுத்தம் செலுத்தப்பட்டால் ஊசிகள் உள்வாங்கிப் பூட்டு விடுபடுகிறது. பின்னர் வெளிப்பகுதி மட்டும் கேமுடன் ஏறி இறங்க, உட்பகுதி அசையாமல் நிற்கிறது. வால்வும் மூடியே இருக்கிறது.

பிரியும் நெம்புகரம்: மேற்பகுதியில் கேம் தண்டு உள்ள பொறிகளில் வால்வை அழுத்தும் நெம்புகரம் இரு பகுதிகளாகச் செய்யப்படுகிறது. எண்ணெய் அழுத்தத்தால் நகரும் ஊசி அவற்றை இணைக்கவோ பிரிக்கவோ செய்கிறது. ஓண்டா நிறுவனத்தின் அமைப்பு இவ்வகையினது.

நகரும் கேம்: கேம் தண்டின்மேல் நீளவாக்கில் வழுக்கும் உறைகள் பொருத்தப்படுகின்றன. ஒவ்வோர் உறையிலும் வால்வுக்கு இரு கேம்கள் உள்ளன. ஒன்று வழக்கமான வடிவத்தது, மற்றொன்று முழு வட்டமானது. மின்காந்தத்தால் இறக்கப்படும் ஊசி, உறையில் வெட்டப்பட்ட சுருள் பள்ளத்தில் நுழைந்து உறையைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. வட்டக் கேம் வால்வின்மேல் வந்தால் வால்வு திறக்காது. வோக்சுவாகன் குழுமத்தின் பொறிகளில் இம்முறை பயன்படுகிறது.

மாற்றத்தின் படிகள்

முடக்கத்துக்கு உரிய நேரத்தைக் கணினி தீர்மானிக்கிறது. பொறி போதிய அளவு சூடேறியிருத்தல், சுழற்சி வேகமும் சுமையும் குறிப்பிட்ட எல்லைக்குள் இருத்தல், எண்ணெய் அழுத்தம் சரியாக இருத்தல் முதலியன பொதுவான நிபந்தனைகள் ஆகும்.

மாற்றத்தை ஓட்டுநர் உணராதிருக்க, திருப்புவிசை திடீரென்று குறையவோ கூடவோ கூடாது. எனவே திராட்டில் வால்வு முன்கூட்டியே சற்று அகலத் திறக்கப்பட்டு உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தம் உயர்த்தப்படுகிறது. அதனால் ஒரு கணம் ஏற்படும் கூடுதல் திருப்புவிசை, தீப்பொறியின் நேரத்தைச் சற்றுத் தாமதப்படுத்துவதன் மூலம் ஈடு செய்யப்படுகிறது. அதன் பின்னரே உருளைகள் எரியும் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக முடக்கப்படுகின்றன. முடுக்கிக்கும் திராட்டில் வால்வுக்கும் இடையே கம்பி இணைப்பு மட்டும் இருந்த காலத்தில் இது இயலாது. மின்னணு முறையில் இயங்கும் திராட்டில் வால்வு வந்த பின்னரே மாற்றம் மென்மையானது.

முடக்கப்படும் உருளைகள்

எந்த உருளைகளை முடக்குவது என்பது எரியும் வரிசையைப் பொறுத்தது. எரிதல்கள் சீரான இடைவெளியில் நிகழ்ந்தால்தான் பொறி அமைதியாக ஓடும். 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் எரியும் வி8 பொறியில் ஒன்றுவிட்டு ஒன்றாக 1, 4, 6, 7 ஆகிய உருளைகள் முடக்கப்படுகின்றன. 1-3-4-2 என்ற வரிசையில் எரியும் 4 உருளைப் பொறியில் 2, 3 ஆகியவற்றையோ 1, 4 ஆகியவற்றையோ முடக்கலாம்.

வரலாறு

தொடக்க காலம்

தேவைக்கேற்ப எரிதலைத் தவிர்க்கும் எண்ணம் பழமையானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பண்ணைகளில் நீர் இறைக்கவும் மரம் அறுக்கவும் பயன்பட்ட நிலைப் பொறிகள் பல, இடைவிட்டு எரியும் முறையில் இயங்கின. வேகம் வரம்பைத் தாண்டினால் வேகக் கட்டுப்படுத்தி வெளியேற்று வால்வைத் திறந்தே பிடித்துக்கொள்ளும். அதனால் புதுக்கலவை உள்ளே இழுக்கப்படாது. கனமான சக்கரம் தன் சடத்துவத்தால் சுழன்று, வேகம் குறைந்ததும் மீண்டும் ஓர் எரிதல் நிகழும். இம்முறையில் வால்வு திறந்திருந்தது. இன்றைய முறையில் அது மூடியிருக்கிறது என்பதே வேறுபாடு.

மகிழுந்துகளிலும் இம்முயற்சி விரைவிலேயே நடந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த எங்கர் நிறுவனம் 1916-1917 காலப்பகுதியில் விற்ற 12 உருளை மகிழுந்தை, ஓட்டுநர் விரும்பினால் 6 உருளைகளில் ஓட்டும்படி மாற்ற முடிந்தது.

காடிலாக் வி8-6-4

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் பெரிய பொறிகள் கேள்விக்கு உள்ளாயின. 1975ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் மகிழுந்துகளின் சராசரி எரிபொருள் சிக்கனத்துக்கு வரம்பு விதிக்கப்பட்டது. இவ்வரம்பு 1978ஆம் ஆண்டு மாதிரிகளுக்கு ஒரு கேலனுக்கு 18 மைல் எனத் தொடங்கி, 1985க்கு 27.5 மைல் என நிர்ணயிக்கப்பட்டது. பெரிய சொகுசு வாகனங்களையே விற்று வந்த நிறுவனங்களுக்கு இது வாழ்வா சாவா என்ற சிக்கலாயிற்று.

இந்நிலையில் செனரல் மோட்டார்சு நிறுவனத்தின் காடிலாக் பிரிவு, 1981ஆம் ஆண்டு மாதிரிகளில் வி8-6-4 என்ற 6.0 லிட்டர் பொறியை அறிமுகப்படுத்தியது. அதன் திறன் 140 குதிரைத்திறன். ஈட்டன் நிறுவனம் உருவாக்கிய வரிச்சுருள் அமைப்பு, நெம்புகரங்களின் சுழல்தானத்தை விடுவித்து வால்வுகளைச் செயலிழக்கச் செய்தது. பொறி 8, 6, 4 என மூன்று நிலைகளில் ஓடியது. எத்தனை உருளைகள் இயங்குகின்றன என்பதை முகப்புப் பலகையில் எண்ணாகவும் காணலாம்.

வால்வுகளை முடக்கும் உறுப்புகளின் கருத்து சரியானதே. ஆனால் அக்காலக் கணினிகளின் வேகம் அதற்குப் போதவில்லை. திராட்டில் வால்வைக் கணினியால் திறந்து மூட வழியில்லாததால், ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது வாகனம் குலுங்கியது. நிரல் கொண்ட சில்லுகள் பலமுறை திருத்தப்பட்டும் வாடிக்கையாளர்களின் முறையீடுகள் ஓயவில்லை. பலர் முடக்க அமைப்பின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, எப்போதும் 8 உருளைகளிலேயே ஓட்டினர். அடுத்த ஆண்டே பெரும்பாலான காடிலாக் மகிழுந்துகளில் வேறு பொறி பொருத்தப்பட்டது. நீளமான லிமோசின் வாகனங்களில் மட்டும் இது 1984 வரை தொடர்ந்தது. இத்தோல்வியின் காரணமாக அமெரிக்க நிறுவனங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தொழில்நுட்பத்தைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை.

சப்பான்

மிட்சுபிசி நிறுவனம் 1982ல் 1.4 லிட்டர் கொள்ளளவுள்ள 4 உருளைப் பொறியொன்றில் உருளை முடக்கத்தை அறிமுகப்படுத்தியது. குறைந்த சுமையில் இப்பொறி 2 உருளைகளில் ஓடியது. சிறிய பொறியிலும் இது இயலும் என்பதை அது காட்டியது. 1990களில் இந்நிறுவனம் வால்வு நேரத்தை மாற்றும் பொறியுடன் இதை இணைத்து மீண்டும் விற்றது. பின்னர் அதுவும் கைவிடப்பட்டது.

ஓண்டா நிறுவனம் 2003ல் சப்பானில் விற்பனைக்கு வந்த இன்சுபயர் மகிழுந்தின் வி6 பொறியில் ஒரு பக்கத்து 3 உருளைகளையும் முடக்கும் அமைப்பைப் பொருத்தியது. பின்னர் 3, 4, 6 என மூன்று நிலைகளில் ஓடும் வடிவமும் வந்தது. இந்நிறுவனத்தின் சிவிக் கலப்பின மகிழுந்தில் வேறொரு நோக்கமும் நிறைவேறியது. வேகம் குறைக்கப்படும்போது உருளைகள் முடக்கப்பட்டதால், பொறியின் எதிர்ப்பில் வீணாகும் இயக்க ஆற்றல் மின்னாக்கிக்குக் கிடைத்து மின்கலத்தில் சேர்ந்தது.

மீள்வருகை

1990களின் இறுதியில் மெர்சிடிசு-பென்சு நிறுவனம் தன் 12 உருளைப் பொறியில் 6 உருளைகளை முடக்கும் அமைப்பைச் சேர்த்தது. 2005ஆம் ஆண்டு மாதிரிகளில் அமெரிக்க நிறுவனங்களும் திரும்பி வந்தன. கிரைசுலர் 300சி மகிழுந்தின் 5.7 லிட்டர் எமி பொறி, 8 உருளைகளிலிருந்து 4 உருளைகளுக்கு 0.04 நொடியில் மாறியது. செனரல் மோட்டார்சு தன் 5.3 லிட்டர் வி8 பொறியில் தேவைக்கேற்ற கொள்ளளவு என்ற பெயரில் இதை மீண்டும் தொடங்கியது.

2012ல் வோக்சுவாகன் 1.4 லிட்டர் சுழலேற்றப் பொறியில் 2ஆம், 3ஆம் உருளைகளை முடக்கும் அமைப்பை வெளியிட்டது. நிமிடத்துக்கு 1250 முதல் 4000 வரையிலான சுற்றுகளில் இது செயல்பட்டது. இதே குடும்பத்தைச் சேர்ந்த 1.5 லிட்டர் பொறி, 2021ல் இந்தியாவில் வெளியான இசுகோடா குசாக், வோக்சுவாகன் டைகுன் ஆகிய மகிழுந்துகளில் இடம்பெற்றது. இவை மகாராட்டிர மாநிலத்தில் புனேக்கு அருகிலுள்ள சாக்கனில் உற்பத்தி செய்யப்பட்டன.

போர்டு நிறுவனம் 1.0 லிட்டர் 3 உருளைப் பொறியிலும் ஓர் உருளையை முடக்கும் அமைப்பை 2016ல் அறிவித்து, 2018ல் சந்தைக்குக் கொண்டு வந்தது. இதன் மாற்றத்துக்கு 14 மில்லிநொடி போதும். நிமிடத்துக்கு 4500 சுற்றுகள் வரை இது செயல்படும். அவ்வேகத்தில் கிராங்க் தண்டு ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 13 மில்லிநொடி ஆகும் என்பதைக் கொண்டு இதன் விரைவை உணரலாம்.

ஒவ்வோர் உருளையும் தனித்தனியே

முந்தைய அமைப்புகளில் குறிப்பிட்ட உருளைகளை மட்டுமே முடக்க முடிந்தது. அமெரிக்காவின் தூலா நிறுவனம் உருவாக்கிய முறையில், எந்த உருளையையும் அதன் முறை வரும்போது எரிய விடவோ தவிர்க்கவோ முடியும். 2019ஆம் ஆண்டு மாதிரிச் செவ்ரோலே சில்வராடோ சிறு சரக்குந்தின் வி8 பொறிகளில் இது முதன்முதலாக இடம்பெற்றது. இப்பொறி 17 எரிதல் வடிவங்களில் ஓடவல்லது. எவ்வடிவம் ஏற்றது என்பதைக் கணினி நொடிக்கு 80 முறை முடிவு செய்கிறது.

அதிர்வும் ஓசையும்

உருளை முடக்கத்தின் மிகப் பெரிய இடர்ப்பாடு அதிர்வு ஆகும். 8 உருளைப் பொறியில் கிராங்க் தண்டின் ஒவ்வொரு 90 பாகைச் சுழற்சிக்கும் ஓர் எரிதல் நிகழ்கிறது. 4 உருளைகள் மட்டும் இயங்கும்போது இவ்விடைவெளி 180 பாகையாகிறது. எரிதல்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைய, ஒவ்வொன்றின் விசையும் கூடுகிறது. மெதுவான வலிய உதைப்புகள் வாகனத்தின் உடலை எளிதில் அதிரச் செய்கின்றன. 4 உருளைப் பொறியில் 2 உருளைகள் மட்டும் இயங்கினால் இடைவெளி 360 பாகையாகிவிடுவதால் சிக்கல் இன்னும் கடினமாகிறது.

இதைத் தணிக்கப் பல வழிகள் உள்ளன. ஓண்டாவின் வி6 வாகனங்களில் பொறியைத் தாங்கும் பிடிப்புகள், அதிர்வுக்கு எதிர்த்திசையில் அசையும்படி மின்னணு முறையில் இயக்கப்பட்டன. வாகனத்தின் உள்ளே எழும் முழக்கம் ஒலிபெருக்கிகளிலிருந்து எழுப்பப்பட்ட எதிரொலி அலைகளால் அடக்கப்பட்டது. மாசுடா நிறுவனம் 2018ல் வெளியிட்ட 2.5 லிட்டர் 4 உருளைப் பொறியில், அதிர்வை விழுங்க ஊசல் அமைப்பு ஒன்று பயன்படுத்தப்பட்டது.

சேமிப்பின் அளவு

சேமிப்பு பொறியின் அளவையும் ஓட்டும் விதத்தையும் பொறுத்து வேறுபடும். பெரிய பொறி மிகக் குறைந்த சுமையில் ஓடும்போது எக்கல் இழப்பு அதிகம். ஆகவே சேமிப்பும் அதிகம். சிறிய பொறியில் இரண்டும் குறைவு. நகர நெரிசலில் நின்று நின்று செல்லும் வாகனத்தைவிட, நெடுஞ்சாலையில் சீராகச் செல்லும் வாகனமே மிகுந்த பயன் பெறும்.

வோக்சுவாகன் தன் 1.4 லிட்டர் பொறிக்கு, அன்றைய ஐரோப்பியச் சோதனை முறையில் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 0.4 லிட்டர் சேமிப்பைக் குறிப்பிட்டது. போர்டு தன் 3 உருளைப் பொறிக்கு 6 விழுக்காடு வரை எனக் கூறியது. கிரைசுலர் தன் பெரிய வி8 பொறிக்கு 20 விழுக்காடு வரை எனக் கூறியது. இவை யாவும் உற்பத்தியாளர்கள் அறிவித்தவை. சாதகமான நிலைமைகளைக் கொண்டவை.

இத்தொழில்நுட்பத்தின் பயனை எதிர்மறையாகக் காட்டிய நிகழ்வொன்று 2021ல் நடந்தது. உலகளாவிய சில்லுத் தட்டுப்பாட்டால் செனரல் மோட்டார்சு நிறுவனம் தன் சிறு சரக்குந்துகள் சிலவற்றை உருளை முடக்கக் கட்டுப்பாட்டுப் பகுதி இல்லாமலேயே விற்க நேர்ந்தது. அவற்றின் எரிபொருள் சிக்கனம் ஒரு கேலனுக்குச் சுமார் 1 மைல் குறையும் என நிறுவனம் தெரிவித்தது. ஒரு வாகனத்தின் அளவில் இது சிறியது. ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் விற்கும் வாகனங்களுக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால், நிறுவனங்கள் ஏன் இவ்வளவு சிக்கலான அமைப்பைக் கைவிடுவதில்லை என்பது விளங்கும்.

குறைபாடுகள்

உறுப்புத் தேய்வு: மடங்கும் தூக்கிகள் நுண்ணிய ஊசிகளையும் குறுகிய எண்ணெய் வழிகளையும் நம்பியுள்ளன. பழைய அல்லது அழுக்கேறிய எண்ணெய், பூட்டு ஊசிகள் சரியாகப் பொருந்தாமல் போக வழிசெய்யலாம். தூக்கி சிக்கிக்கொண்டால் கேம் தண்டும் சேதமடையும். பழுது பார்ப்பதற்கு ஆகும் செலவு, அதுவரை சேமித்த எரிபொருளின் விலையை விழுங்கிவிடக்கூடும். உரிய காலத்தில் உரிய வகை எண்ணெயை மாற்றுவது இத்தகைய பொறிகளுக்கு இன்றியமையாதது.

எண்ணெய்ச் செலவு: முடங்கிய உருளையில் அடைபட்ட வளிமம் குளிர்ந்தும் கசிந்தும் குறையும்போது உள்ளே அழுத்தம் தாழ்ந்து, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய் மேலே இழுக்கப்படலாம். அது எரிந்து தீப்பொறிச் செருகியில் படியும். அமெரிக்காவில் ஓண்டாவின் 2008 முதல் 2013 வரையிலான சில வி6 வாகனங்கள் குறித்துத் தொடரப்பட்ட வழக்கு 2013ல் உடன்பாட்டில் முடிந்தது. அதன்படி எரிதல் தவறுதல் சார்ந்த பழுதுகளுக்கான உத்தரவாதக் காலம் நீட்டிக்கப்பட்டது.

சீரற்ற வெப்பம்: சில உருளைகள் சூடாகவும் சில குளிர்ந்தும் இருப்பது பொறியின் உலோகத்துக்கு நல்லதன்று. ஒவ்வோர் உருளையையும் மாறி மாறி முடக்கும் புதிய முறையில் இக்குறை பெரிதும் நீங்குகிறது.

டீசல் பொறிகளில்

டீசல் பொறியின் திறன், செலுத்தப்படும் எரிபொருளின் அளவால் கட்டுப்படுத்தப்படுகிறது. காற்றின் அளவால் அன்று. ஆகவே அதில் எக்கல் இழப்பு குறைவு. எரிபொருள் சேமிப்புக்காக மட்டும் டீசல் பொறியில் உருளை முடக்கத்தைப் பயன்படுத்துவதால் பெரும் பயன் இல்லை.

எனினும் வேறொரு பயன் உண்டு. நைட்ரசன் ஆக்சைடுகளை நீக்கும் வினையூக்கி அமைப்புகள் நன்கு செயல்பட வெளியேறும் புகை போதிய சூட்டில் இருக்க வேண்டும். குறைந்த சுமையில் ஓடும் சரக்குந்தின் புகை எளிதில் குளிர்ந்துவிடுகிறது. சில உருளைகளை முடக்கினால் எஞ்சியவற்றில் ஒரு பங்கு எரிபொருளுக்குரிய காற்று குறைந்து, புகையின் வெப்பநிலை உயரும். கனரக வாகனங்களின் புகை விதிகள் கடுமையாவதால் இவ்வழி ஆராயப்பட்டு வருகிறது.

மாற்று வழிகள்

எக்கல் இழப்பைக் குறைக்க வேறு வழிகளும் உள்ளன. சிறிய பொறியைச் சுழலேற்றியுடன் பயன்படுத்துவது அவற்றுள் பரவலானது. பெரிய பொறியைப் பாதியாக முடக்குவதற்குப் பதிலாக, தொடக்கத்திலேயே சிறிய பொறியைப் பொருத்துவது இதன் கருத்து. பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2001ல் அறிமுகப்படுத்திய அமைப்பில், உள்ளிழுப்பு வால்வுகள் திறக்கும் உயரத்தை மாற்றுவதன் மூலமே காற்றின் அளவு கட்டுப்படுத்தப்பட்டது. திராட்டில் வால்வின் தேவை பெரும்பாலும் நீங்கியது. கலப்பின வாகனங்களில் குறைந்த சுமையின்போது பொறி முற்றிலும் நிறுத்தப்பட்டு, மின்னோடி வாகனத்தை ஓட்டுகிறது. மின்னூர்திகளில் எக்கல் இழப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

வாகனத்தை ஓட்டுபவர் தாமாகவே ஒரு தீப்பொறிச் செருகியின் இணைப்பைக் கழற்றி இச்சேமிப்பைப் பெற முடியாது. அவ்வாறு செய்தால் வால்வுகள் தொடர்ந்து இயங்குவதோடு, எரியாத எரிபொருள் வெளியேறி வினையூக்கி மாற்றியை அளவுக்கு மீறிச் சூடாக்கிப் பாழாக்கும். வால்வு, எரிபொருள், தீப்பொறி, காற்று ஆகிய நான்கையும் ஒருங்கே கட்டுப்படுத்தினால் மட்டுமே உருளை முடக்கம் பயன் தரும்.

இவற்றையும் பார்க்கவும்

உள் எரி பொறி
நான்கு வீச்சுப் பொறி
வினையூக்கி மாற்றி
சுழலேற்றி
கலப்பின வாகனம்
டீசல் பொறி